பினாங்கில் சைக்கிள் எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் பன்னிரண்டு வருடமாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாடாங் கோத்தாவில் ஒரு சின்னக் கூட்டமாகச் சேர்ந்து கிளம்புவோம். புதிதாகச் சேருகிறவர்கள், கோவிலில் பார்க்கும் அம்மாக்கள், தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் தம்பிகள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். கோப்பிக்கடையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஓர் இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"அண்ணே, சைக்கிள் சட்டப்படி வண்டியா, இல்ல நடந்து போறவங்க கணக்கா?"

வண்டிதான். 1987 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதற்கு முந்திய 1959 ஆம் ஆண்டுச் சாலை விதிகளும் சைக்கிளைச் சாலையில் ஓடும் வாகனமாகத்தான் பார்க்கின்றன. இயந்திரம் இல்லாததால் மோட்டார் வாகனங்களுக்கு உரிய பல கட்டாயங்கள் அதற்குக் கிடையாது. ஆனால் சாலையில் இறங்கியதும் இடது பக்கம் போவது, விளக்கை மதிப்பது, ஒருவழிப் பாதையை மதிப்பது எல்லாம் சைக்கிளுக்கும் பொருந்தும்.

இதிலிருந்து ஒரு எளிய கணக்கு வருகிறது. ஏறி மிதித்தால் நீங்கள் வண்டி. இறங்கித் தள்ளினால் நீங்கள் நடப்பவர். கீழே பாதிக் கேள்விகளுக்கு இந்தக் கணக்கே பதில் சொல்லிவிடும், அதனால் இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"லைசென்ஸ், ரோட்டெக்ஸ் ஏதாவது எடுக்கணுமா?"

வேண்டாம். மிதித்து ஓட்டும் சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமமும் இல்லை, சாலை வரியும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. பழைய வீடுகளில் தாத்தாவின் சைக்கிளில் சின்னத் தகரத் தகடு ஒன்று ஆணியோடு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது நகராட்சிகள் சைக்கிளுக்கு எண் கொடுத்த காலத்து மிச்சம். அதைப் பார்த்துவிட்டுத்தான் பெரியவர்கள் இன்றைக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

"சாலையில எவ்வளவு ஓரமா போகணும்? ஓரமா போகச் சொல்றாங்க, ஆனா ஓரத்துல லோங்காங் இருக்கே!"

நல்ல கேள்வி. விதி இடது ஓரம் என்கிறது. ஆனால் சாலை முடிந்து கால்வாய் தொடங்கும் விளிம்பில் சக்கரத்தை வை என்று அது சொல்லவில்லை. நான் விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் விட்டு ஓட்டுகிறேன். அந்த இடைவெளியில்தான் உடைந்த கண்ணாடி, மணல், மழைத் தண்ணீர் எல்லாம் வந்து சேரும். அதில் சக்கரத்தை விட்டு, கடைசி நொடியில் நடுச்சாலைக்கு வெட்டுவதுதான் ஆபத்து. ஒரே கோட்டில் போகும் சைக்கிளைப் பின்னால் வரும் காடிக்காரர் (கார் ஓட்டுகிறவர்) எளிதாகக் கணித்துவிடுவார்.

கால்வாய் மூடிகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சில மூடிகளின் இரும்புக் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கும். ஒல்லிச் சக்கரம் அந்தச் சந்துக்குள் அப்படியே இறங்கிவிடும். எனக்கு அது ஒரு மழை நாள் சாயங்காலம் நடந்தது. முன்சக்கரம் கம்பிகளுக்கு இடையில் இறங்கி நின்றுவிட்டது, சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது, நான் மட்டும் கைப்பிடிக்கு மேலே போய் விழுந்தேன். இடது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்றிலிருந்து மூடி தெரிந்தால் இருபதடி முன்னாலேயே திரும்பிப் பார்த்து, கை காட்டி, மெதுவாக உள்ளே வந்து கடப்பேன்.

நிறுத்தி வைத்திருக்கும் காடிகளை ஒட்டிப் போகும்போதும் ஒரு கதவு அகலம் விட்டுப் போங்கள். லெபோ சூலியாவில் கதவு திறப்பதற்கு முன்னால் மணி அடித்துவிட்டா திறக்கிறார்கள்?

"நடைபாதையில ஓட்டலாமா? அஞ்சடியில போனா மழை படாதே, வெயிலும் படாதே."

ஓட்டக் கூடாது. முதல் பதிலின் கணக்குதான்: ஏறி மிதித்தால் வண்டி, வண்டிக்கு இடம் சாலை. நடைபாதை நடப்பவர்களுக்கு.

அஞ்சடியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஜோர்ஜ் டவுனில் இந்தக் கேள்வி தினமும் வருகிறது. கடை வீடுகளின் முன்னால் கூரை போட்டு, வெயிலும் மழையும் படாமல் மக்கள் நடந்து போகத்தான் அஞ்சடியை விட்டுக் கட்டினார்கள். கடைக்காரர்கள் சாமான் அடுக்கி அதை அடைக்கக் கூடாது என்று 1974 ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் வரைக்கும் பேசுகிறது. நடப்பவர்களுக்காகவே இவ்வளவு பார்த்துக் காக்கும் இடத்தில் நாம் மணி அடித்துக்கொண்டு போவது சரியில்லை. லெபோ பாசாரில் ஒரு தரம் நின்று பாருங்கள். மாலை கட்டுகிற அம்மா தரையில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் மல்லிகைக் கூடை, அதைத் தாண்டிப் படி ஒன்று ஏறும், அடுத்த கடையில் இறங்கும், தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை ஓடி வரும். அங்கே சைக்கிளுக்கு இடமே இல்லை.

மழை பிடித்துக்கொண்டால் இறங்கி, அஞ்சடியில் தள்ளிக்கொண்டு போங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சைக்கிளைத் தூணில் சாத்திப் பூட்டும்போது மட்டும், சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ போகும் அகலம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

"ஒருவழிப் பாதை காடிக்குத்தானே? சைக்கிளுக்கும் உண்டா?"

உண்டு. ஜோர்ஜ் டவுன் பழைய நகரத்தில் பாதித் தெருக்கள் ஒருவழிதான், இருநூறு மீட்டர் தூரத்துக் கடைக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்பது உண்மை. எதிர்த் திசையில் போனால் சந்திலிருந்து வெளியே வரும் வண்டிக்காரர் உங்கள் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார். வண்டி வரும் திசையை மட்டும் பார்த்துவிட்டு எடுப்பார். நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலும் இப்படித்தான்.

லெபோ ஆர்மேனியனில் 2012 இல் எர்னஸ்ட் ஸாக்கரெவிச் வரைந்த, சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளின் சுவரோவியத்தைப் பார்க்க வருகிற விருந்தாளிகளை வாடகைச் சைக்கிளில் அழைத்துப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு எந்தத் தெரு எந்தப் பக்கம் என்று தெரியாது. குறுக்கு வழி வேண்டுமா? இறங்கித் தள்ளுங்கள், இரண்டு நிமிடம்.

"சிவப்பு விளக்குல ரோடு காலியா இருந்தா?"

நில்லுங்கள்.

"ரோட்டுல சைக்கிள் படம் போட்ட கோடு இருக்கே, அதுல மட்டும்தான் போகணுமா? அதுல காடி நிறுத்தியிருந்தா என்ன செய்யறது?"

வட்டமான நீலப் பலகையில் வெள்ளைச் சைக்கிள் படம் இருந்தால் அது சைக்கிளுக்கான பாதை, அங்கே அதில்தான் போக வேண்டும். சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம் இருந்தால் சைக்கிளுக்குத் தடை. இந்த இரண்டு பலகைகளையும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுங்கள். தரையில் வெறும் சைக்கிள் படமும் கோடும் மட்டும் இருந்தால், சாலையில் சைக்கிளுக்கு ஒதுக்கிய பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காடி நிறுத்தியிருந்தால் பின்னால் திரும்பிப் பார்த்து, கை காட்டி, சாலைக்கு வந்து சுற்றிப் போகலாம். சைக்கிளும் வண்டி என்பதால் சாலையில் உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காக நடைபாதையில் ஏறாதீர்கள். சைக்கிள் கோட்டில் நிறுத்துகிற நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை: நீங்கள் இட்லி வாங்கும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை லாரிக்கு முன்னால் வெட்டிப் போக வேண்டி வருகிறது.

"குயின்ஸ்பே பக்கம் கடலோரமா இருக்கிற பாதை நடக்கவா, சைக்கிளுக்கா?"

பத்து மாவுங் பக்கம் வரை நீளும் அந்தக் கடலோரப் பாதை தீவிலேயே நிம்மதியாகச் சைக்கிள் ஓட்டக்கூடிய இடங்களில் ஒன்று. பக்கத்தில் துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில் வண்டிகள் பறக்கும், இந்தப் பக்கம் கடல், தூண்டில்காரர்கள், ஓடுகிறவர்கள். பாதை இருக்கும் இடத்தில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள், பாதையிலேயே போங்கள்.

சிக்கல் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல். குடும்பம் குடும்பமாக நடக்க வருவார்கள், பிள்ளைகள் குறுக்கே ஓடும், தூண்டில் கம்பு பாதையின் மேலே பின்னால் வீசப்படும். அந்த நேரத்தில் வேகப் பயிற்சி எடுப்பவர்கள் விடியற்காலைக்கு மாற்றிக்கொள்வதுதான் முறை. சாயங்காலம் போனால் நடப்பவர் வேகத்துக்கு இறங்கி, தூரத்திலேயே மணி அடித்து, நன்றி சொல்லிக் கடந்து போங்கள்.

"பினாங்குப் பாலத்துல ஒரு தரம் ஓட்டிப் பார்க்கணும்னு ஆசை. மோட்டார் சைக்கிளை விடறாங்க, எங்களை ஏன் விடமாட்டேங்குறாங்க?"

இந்த ஆசை எனக்கும் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1985 இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். 2014 இல் திறந்த இரண்டாவது பாலம், சுல்தான் அப்துல் ஹாலிம் முவாட்ஸாம் ஷா பாலம், 24 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடல்மேல். இரண்டும் டோல் நெடுஞ்சாலைக் கணக்கில் வருபவை. இரண்டிலும் சாதாரண நாட்களில் சைக்கிள் கூடாது. மோட்டார் சைக்கிள்களுக்கான ஓரத் தடத்திலும் கூடாது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நடுக்கடலில் பக்கவாட்டுக் காற்று திடீரென்று அடிக்கும். மோட்டார் சைக்கிளையே ஒரு முழம் தள்ளும் காற்று நம் லேசான சைக்கிளை இரண்டு முழம் தள்ளும். ஓரத் தடத்தில் பின்னால் வருகிறவர் அறுபது, எழுபதில் வருவார், நாம் இருபதில் போவோம். சக்கரம் வெடித்தால் ஒதுங்க இடமில்லை, கீழே கடல். மோட்டார் சைக்கிள்காரர் பாலத்தைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடுவார், நாம் முக்கால் மணி நேரம் அங்கே மாட்டிக்கொண்டிருப்போம்.

ஆசைக்கு வழி இருக்கிறது. போலீஸ் அனுமதியோடு பாலத்தை மூடி நடத்தும் சைக்கிள் நிகழ்ச்சிகள் அவ்வப்போது வரும். பெயர் கொடுத்து, எண் வாங்கி, அன்றைக்குப் போங்கள். நான் இரண்டாவது பாலத்தில் அப்படி ஒரு முறை போனேன். கிழக்கே வெளுக்கும்போது நடுப்பாலத்தில் இருந்தேன். முன்னாலும் பின்னாலும் சங்கிலிச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"அப்போ பட்டர்வொர்த்துல இருந்து தீவுக்குச் சைக்கிளோட எப்படி வர்றது?"

ஃபெரியில். 1894 இலிருந்து ஓடும் கடல் வழி இது. 2021 தொடக்கத்திலிருந்து ஃபெரியில் காடிகளை ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதிய ஃபெரிகளும் பயணிகள், மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஆகியவற்றுக்காகவே ஓடுகின்றன. நம்மைப் பொறுத்தவரை இதுதான் பாலம். கால் மணி நேரத்தில் அக்கரை.

இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறுங்கள், தள்ளிக்கொண்டே இறங்குங்கள். மோட்டார் சைக்கிள்களோடு சேர்த்துத்தான் விடுவார்கள். சாய்தளத்து இரும்புத் தகடு மழை நாளில் சோப்புப் போட்டது போல வழுக்கும், அதில் மிதித்து ஏறி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போனதும் கையால் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஸ்டாண்டை மட்டும் நம்பினால் படகு கரையில் இடிக்கும்போது சைக்கிள் பக்கத்து மோட்டார் மேல் சாயும்.

"பிறை பக்கம் ஹைவேயில ஓரமா போனா என்ன? ஓரத்துல நிறைய இடம் இருக்கே."

டோல் நெடுஞ்சாலைக்குள் நுழையும் இடத்தில் ஒரு பலகை இருக்கும். நடப்பவர், சைக்கிள், டிராக்டர், 'எல்' தகடு ஒட்டிய வண்டி என்று படம் போட்டுத் தடுத்திருப்பார்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை அந்த வகை. அந்த அகலமான ஓரம் பழுதான வண்டி ஒதுங்கவும் ஆம்புலன்ஸ் போகவும் விட்டிருப்பது. அங்கே சைக்கிளில் போனால் சம்மன் வரும். அதைவிட, தூக்கக் கலக்கத்தில் ஓரத்துக்குச் சாயும் லாரி வரும்.

சுங்கை பட்டாணி, ஈப்போ என்று தூரம் போகிறவர்கள் பழைய கூட்டரசுச் சாலையைப் பிடிக்கலாம். டோல் இல்லை, தடை இல்லை, வழியில் கோப்பிக்கடை உண்டு.

"என் தங்கச்சி கோலாலம்பூர்ல இருக்கா. பெடரல் ஹைவேயில சைக்கிள்ல போறவங்களைப் பார்த்தேங்கிறா. அது எப்படி?"

அவர் பார்த்தது நெடுஞ்சாலையை ஒட்டித் தனியாக ஓடும் மோட்டார் சைக்கிள் பாதையாக இருக்கும். 1970களின் தொடக்கத்தில் உலக வங்கித் திட்டத்தில் போட்ட பாதை அது. நம் நாட்டில் இப்படிப்பட்ட பாதைகளை வடிவமைக்கப் பொறியாளர்கள் பயன்படுத்திய கையேடு, பொதுப்பணி இலாகா 1986 இல் சைக்கிள் பாதைகளுக்காகப் போட்டதுதான். கோலாலம்பூர் சைக்கிள்காரர்கள் நெடுங்காலமாக அந்தப் பாதையில் போய் வருகிறார்கள்.

அதைப் பார்த்து "மோட்டார் சைக்கிள் தடம் இருந்தால் எங்கேயும் போகலாம்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரதான சாலையிலிருந்து பிரித்துக் கட்டிய பாதை வேறு, பாலத்தில் கோடு மட்டும் போட்டுக் கொடுத்த தடம் வேறு. எங்கேயானாலும் நுழைவில் இருக்கும் பலகைதான் கடைசி வார்த்தை. தங்கையிடம் சொல்லுங்கள்: சுரங்க வளைவுகளில் விளக்குப் போட்டுக்கொண்டு, இடது ஓரத்தை விடாமல், இருட்டின பிறகு தனியாகப் போகாமல் இருக்க வேண்டும். நகருக்குள் மிட் வேலியிலிருந்து டத்தாரான் மெர்டேக்கா பக்கம் 2015 இல் தனிச் சைக்கிள் பாதை போட்டார்கள், 2018 இல் நகர மையத்தில் நீலக் கோட்டுப் பாதைகளும் வந்தன. அவற்றில் காடி நிறுத்தியிருந்தால் செய்ய வேண்டியதை மேலே சொல்லிவிட்டேன்.

"பூங்காவுக்குள்ள ஓட்டலாமா?"

ஒவ்வொரு பூங்காவுக்கும் அதை நடத்துகிறவர்கள் வைக்கும் விதி தனி. வாசலில் இருக்கும் பலகையைப் படியுங்கள். சிவப்பு வட்டம் இருந்தால் வெளியே பூட்டிவிட்டு நடந்து போங்கள். பலகையில் ஒன்றும் இல்லையென்றாலும், பெரியவர்கள் தைச்சி செய்யும் இடத்திலும் குழந்தைகள் ஊஞ்சலாடும் இடத்திலும் இறங்கித் தள்ளுவதுதான் மரியாதை.

"தைப்பூசத்தன்னிக்கு ரோடு மூடியிருக்கும்ல, சைக்கிள்ல தண்ணீர்மலைக் கோவில் வரைக்கும் போயிடலாமா?"

வண்டிகளுக்கு மூடினால் சைக்கிளுக்கும் மூடியதுதான். அன்றைக்கு ஜாலான் கெபுன் பூங்கா பக்கம் தண்ணீர்ப் பந்தல், காவடி, வெறுங்காலோடு நடக்கும் ஆயிரக்கணக்கான பேர். உடைத்த தேங்காய்ச் சில்லுகள் சாலை முழுக்கக் கிடக்கும், அவை சக்கரத்தை அப்படியே சறுக்கி விடும். தூரத்தில் நண்பர் வீட்டில் பூட்டிவிட்டு நடந்து போங்கள். காலை ஐந்து மணிக்குப் பந்தல் வேலைக்குப் போகிறவர்கள் கூட தடுப்பு வந்ததும் இறங்கித் தள்ளுங்கள்.

லெபோ பந்தாயில் காடிகளை நிறுத்திவிட்டுத் திறந்துவிடும் ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கு நேர்மாறு. 2011 இல் தொடங்கிய அந்த ஏற்பாடு நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றே வைத்தது. குழந்தைக்குச் சைக்கிள் பழக்க அதைவிட நல்ல இடம் ஊருக்குள் இல்லை.

"எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன். சாலையில ஓட்டலாமா? என் மச்சான் ஸ்கூட்டர் மாதிரி நின்னுக்கிட்டு போறது வெச்சிருக்கான், அது?"

இரண்டும் வேறு வேறு. மிதிக்கும்போது மோட்டார் கை கொடுக்கிற சைக்கிள், 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டதாக இருந்தால், சைக்கிள் கணக்கில் வரும். இந்தப் பக்கத்தில் சொன்னவை எல்லாம் அதற்கும் பொருந்தும். மச்சான் நின்றுகொண்டு போவது அப்படியில்லை. 2021 டிசம்பர் 17 அன்று நடப்புக்கு வந்த விதிகளின்படி மின் ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தபோதுதான் பலருக்கு இது தெரிய வந்தது. தாமான் (குடியிருப்புப் பகுதி) உள்ளே இருக்கும் சாலையும் பொதுச் சாலைதான்.

கடையில் "இதுக்கு லைசென்ஸ் வேண்டாம் பாஸ்" என்று சொல்லி விற்பதை அப்படியே நம்பாதீர்கள். மிதிக்காமலே கைப்பிடியை முறுக்கினால் நாற்பதில் பறக்கிற வண்டியை, மிதி வைத்திருக்கிறது என்பதற்காகச் சைக்கிள் என்று சொல்ல முடியாது. வாட்டையும் வேகத்தையும் எழுதி வாங்குங்கள்.

"பையன் சைக்கிள் ஹேண்டிலைக் கழட்டி, பிரேக்கைக் கழட்டி, படுத்துக்கிட்டு ஓட்டறான். கூட்டாளிங்க எல்லாம் அப்படித்தாங்குறான். என்ன செய்ய ஐயா?"

அம்மா, இன்றைக்கே அந்தச் சைக்கிளை எடுத்து வையுங்கள். பாசிக்கால் லாஜாக் என்று சொல்வது இதைத்தான். 2017 பிப்ரவரி 18 அதிகாலை மூன்று மணிக்கு மேல் ஜொகூர் பாருவில் இப்படி ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் கூட்டத்தில் ஒரு காடி மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். ஓட்டுநர் மேல் வழக்கு வருடக்கணக்கில் நடந்து, கடைசியில் 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. யார் பக்கம் நியாயம் என்று நாடே விவாதித்தது. எட்டுத் தாய்மாருக்கும் பிள்ளை திரும்பி வரவில்லை.

பிள்ளையைக் கவனிக்காமல் ஆபத்தில் விட்டதாக 2001 ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தில் பெற்றோர் மேலேயே நடவடிக்கை எடுக்க முடியும் என்று போலீஸ் பலமுறை எச்சரித்திருக்கிறது. அதட்டி மட்டும் நிறுத்தப் பார்க்காதீர்கள். வேகம் பிடிக்கிற பையன் அவன். பிரேக் போட்ட சைக்கிளோடு ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்காலுக்குப் பாடாங் கோத்தாவுக்கு அனுப்புங்கள். பாலிக் பூலாவ் மேட்டில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து விடுகிறோம். அப்படி வந்த மூன்று பையன்கள் இப்போது எங்கள் குழுவில் முன்னால் போகிறார்கள்.

"குழுவா போகும்போது ரெண்டு ரெண்டு பேரா பேசிக்கிட்டே போகலாமா?"

எங்கள் குழுவில் ஒற்றை வரிசைதான். ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் பூலாவுக்கு ஏறும் வளைவுகளிலும், பத்து பெரிங்கியிலிருந்து தெலுக் பகாங் போகும் ஒடுங்கிய கடலோரச் சாலையிலும் இரண்டு பேராகப் போனால், பின்னால் வரும் பேருந்து வளைவில் எதிர்த் தடத்துக்கு வர வேண்டியிருக்கும். இருபது பேர் என்றால் ஐந்தைந்தாகப் பிரிந்து, இடையில் ஒரு காடி நுழையும் இடைவெளி விட்டுப் போகிறோம். பேச்சு பாலிக் பூலாவில் லக்சா சாப்பிடும்போது.

"ஹெல்மெட் கட்டாயமா? லைட்டு?"

மிதி சைக்கிளுக்கு, மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போலத் தலைக்கவசக் கட்டாயம் இல்லை. நான் போடாமல் தெருமுனைக்குக் கூடப் போவதில்லை, கால்வாய் மூடிக் கதையைப் படித்தீர்கள் அல்லவா? அன்றைக்கு உடைந்தது தலைக்கவசம். இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம் வேண்டும். கைபேசி டார்ச் விளக்காகாது.

"போகக் கூடாத இடத்துல நான் ஓட்டும்போது காடி இடிச்சிட்டா, நஷ்டஈடு கேட்க முடியாதா?"

கேட்கவே முடியாது என்று இல்லை. ஆனால் ஒருவழியில் எதிரே வந்தீர்கள், தடை போட்ட சாலையில் இருந்தீர்கள் என்றால் தவறில் உங்கள் பங்கும் கணக்கில் வரும், தொகை குறையும். அதனால் யார் தவறாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். சைக்கிள் கிடந்த இடம், கால்வாய் மூடி, பலகை, காடி எண் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவதற்கு முன்னால் படம் எடுங்கள். "சின்ன அடிதான், விடுப்பா" என்று இருநூறு வெள்ளி வாங்கிக்கொண்டு போய், மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் தவித்தவர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்.

"அண்ணே, நைட் ஷிப்டு முடிஞ்சு பதினோரு மணிக்குப் பாயான் லெப்பாஸ்ல இருந்து ஜெலுத்தோங் வரணும். கடலோரப் பாதையா, உள் ரோடா?"

இது சட்டக் கேள்வி இல்லை, இரண்டு வழியும் போகக் கூடியதுதான். இருந்தாலும் அதிகம் வரும் கேள்வி. பகலில் நான் கடலோரப் பாதையைத்தான் சொல்வேன். பதினோரு மணிக்கு அங்கே ஆள் நடமாட்டம் குறைவு, விழுந்தால் பார்க்க ஆள் இல்லை. அதனால் ராத்திரியில் உள்ளே ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷாவைப் பிடித்து, பல்கலைக்கழக வாசலைத் தாண்டி, குளுகோர் வழியாக ஜாலான் ஜெலுத்தோங்குக்கு வாருங்கள். கடை விளக்குகள் இருக்கும், மாமாக் கடைகள் திறந்திருக்கும்.

குளுகோரில் பாலத்துக்குப் பிரியும் இடத்தில் மட்டும் கவனம். பாலத்துக்குப் போகிற வண்டிகள் உங்கள் இடது பக்கத்துக்கு வெட்டி வரும். அங்கே நான் கொஞ்சம் முன்னாலேயே நின்று, பின்னால் காலியானதும் நேராக எடுப்பேன். ஆறு மாதமாக ஒரு நேப்பாளத் தம்பியும் என்னோடு வருகிறார். அவர் முதல் வாரம் விளக்கு இல்லாமல்தான் வந்தார். இரவு நேரத்தில் தனியாகப் போகிறவர்கள் பதினொன்றே காலுக்குத் தொழிற்பேட்டை சமிக்ஞை விளக்கு முனையில் நில்லுங்கள், சேர்ந்தே போவோம்.